பேயுருவும் பொம்மையின் விலையும்

காரைக்கால் என்றவுடன் மாங்கனிதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனித் திங்கள் முழுநிலவை ஒட்டி அங்கு நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், பிட்சாடனர் வீதியுலா வரும்போது மக்கள் மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் அவற்றை ஏந்திக்கொள்வார்கள். வணிகன் தனதத்தனின் மகளாகப் பிறந்து, பரமதத்தனை மணந்து, கணவன் அனுப்பிய இரு கனிகளில் ஒன்றை அடியவருக்குப் படைத்த புனிதவதியின் கதை அது. ஆனால், அந்த அம்மையார் தம் பதிகங்களில் தம்மைக் கனி தந்த இல்லத்தரசியாக அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. காரைக்காலின் பேய் என்றே தம் பெயரைப் பதிக்கிறார்.

அந்தப் பேய்க்கு ஓர் உடல் உண்டு. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெண்பேயின் உருவம் உறுப்பு உறுப்பாக வரையப்படுகிறது. வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, உருண்ட விழி, குழிந்த வயிறு, செம்பட்டைத் தலைமயிர், வெளியே நீண்ட இரண்டு பற்கள், உயர்ந்த கணுக்கால், நெடிய கீழ்க்கால். ஒரு சிற்பிக்கோ பொம்மை செய்பவருக்கோ இதைவிடத் தெளிவான வரைபடம் தேவையில்லை. அம்மையாரின் காலத்தை அறிஞர் பலர் ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டு என்கின்றனர். அப்படியானால், நீண்ட இரு பற்கள் கொண்ட உருவத்தை இலக்கியத்தில் தேட நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை.

ஐரோப்பியக் கற்பனையில் இரத்தம் குடிக்கும் உருவம் புனைகதைக்குள் அழுத்தமாக நுழைந்தது 1819-இல் ஜான் போலிடோரி எழுதிய கதையின் வழியே. 1897-இல் வெளியான பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா அதற்கு நிலையான முகம் தந்தது. தமிழில் அதை இரத்தக் காட்டேரி என்று மொழிபெயர்த்தோம். காட்டேரி என்பதோ கருவுற்ற பெண்களையும் குழந்தைகளையும் தாக்கும் என நம் நாட்டுப்புற மக்கள் அஞ்சியும், அஞ்சியதனாலேயே வழிபட்டும் வந்த ஒரு தெய்வத்தின் பெயர். கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற தமிழர்கள் அந்த வழிபாட்டையும் உடன்கொண்டு சென்றனர்.

இன்று இந்த இரத்தக் காட்டேரி கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் உருவமாகவும் நம் வீடுகளுக்கு வந்துவிட்டது. மேசை விளையாட்டுகளுக்காகச் செய்யப்படும் சிற்றுருவங்கள் அவை. பெரும்பாலும் ஒன்றேகால் அங்குல அளவில், நிறம் பூசப்படாமல், தனித்தனி உறுப்புகளாகப் பெட்டியில் வருகின்றன. முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்தபின், கோப்பை விலைக்கு வாங்கி நம் ஊரிலேயே பிசினில் அச்சிட்டுக்கொள்ளவும் முடிகிறது. வாங்கியவர் அதை ஒட்டி, வேண்டிய இடத்தில் வெட்டி, கையைத் திருப்பி, முகத்தை மாற்றி, வண்ணம் தீட்டி, ஒரு சிறு நிலக்காட்சியின் மேல் நிறுத்துகிறார். வெட்டித் திருத்தும் அந்த வேலையை மாற்றுருவாக்கம் எனலாம்.

பொருளாதாரம் கற்பித்த ஒருவருக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர் கேட்கலாம். ஒரு காட்டேரிச் சிற்றுருவைக் காரைக்கால் பேயாக மாற்றுவது எப்படி என்று படிப்படியாகப் பார்த்தால், ஒரு பொருளின் மதிப்பு எங்கே உருவாகிறது என்ற பழைய கேள்விக்குக் கண்ணுக்குத் தெரியும் விடை கிடைக்கிறது. நம் பொம்மைக் கைவினைஞர்களின் வருவாய் ஏன் உயரவில்லை என்பதற்கான காரணமும் அங்கேயே இருக்கிறது.

முதலில் இரு உருவங்களின் இயல்பு. காட்டேரி இறந்தும் இளமையை விடாதவன். பிறர் குருதியைக் குடித்து அழகைக் காத்துக்கொள்பவன். அதனால்தான் அவன் உருவத்தைச் செய்பவர்கள் விரிந்த மேலங்கி, வாள், அணிகலன், வெளிறிய முகம் எனச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். அம்மையாரோ, கணவன் தம்மைத் தெய்வமெனக் கருதி விலகியபின், அவனுக்காகத் தாங்கிய தசைப்பொதியை உதறி, இறைவனைச் சூழும் பேய்வடிவை வேண்டிப் பெற்றவர். ஒன்று சேர்த்து வைத்த உடல். மற்றொன்று கழித்துவிட்ட உடல். ஆகவே மாற்றுருவாக்கத்தில் முதல் வேலை கழிப்பதுதான்.

மேலங்கியும் வாளும் கூர்கத்தியால் நீக்கப்படுகின்றன. மார்பும் தோளும் வயிறும் உப்புத்தாளால் தேய்த்து மெலிவிக்கப்படுகின்றன. பிசினில் அச்சிட்ட உருவமானால் ஈரத்தில் தேய்க்க வேண்டும், முகக்கவசமும் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. பின்பு இடுப்பிலும் முழங்காலிலும் வெட்டி, உருவத்தை அமர்ந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அறுபத்து மூவர் வரிசையில் ஏனையோர் நிற்க, அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பது மரபு. வெட்டிய இரு முனைகளிலும் நுண்துளையிட்டு, மெல்லிய செப்புக் கம்பியைச் செருகி ஒட்டினால்தான் மூட்டு உறுதியாகும். பசையை மட்டும் நம்பினால் வண்ணம் பூசும்போதே கழன்றுவிடும்.

அதன்பின் சேர்ப்பது. எம்-சீல் போன்ற எபாக்சி கலவையின் இரு பகுதிகளையும் சம அளவில் பிசைந்தால், இறுகுவதற்கு முன் சிறிது நேரம் அது களிமண்போல் கைக்கு இணங்கும். அதை நூலாக உருட்டி ஒட்டினால் நரம்பு. இணையாக வைத்து ஊசிமுனையால் அழுத்தினால் விலா எலும்பு. மேல்நோக்கிக் குத்தாகப் பிரித்தால் விரிசடை. கைகளில் ஒரு சோடித் தாளம். ஆலங்காட்டில் ஆடுபவனின் ஆட்டத்துக்கு அம்மையார் தாளமிடுபவர். கங்கைகொண்ட சோழபுரத்தின் ஆடவல்லான் புடைப்புச் சிற்பத்தில் அவர் அப்படித்தான் அமர்ந்திருக்கிறார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 13-ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனியிலும் கையில் தாளம் உண்டு. அதன் உயரம் ஏறத்தாழ 23 செ.மீ. மட்டுமே. கம்போடியாவில் 967-இல் குடமுழுக்குக் கண்ட பந்தியாய் சிரே கோயிலிலும் ஆடும் சிவனின் காலடியில் அவர் உண்டு. இந்த உருவம் கடல் கடந்து பயணம் செய்யும் அளவுக்கு அன்று செல்வாக்குப் பெற்றிருந்தது.

இனி வண்ணம். இங்கு ஓர் அடிப்படை உண்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓர் ஆளுயரச் சிலையின் கண்குழியில் இயற்கை ஒளியே நிழலை உண்டாக்கிவிடும். ஒன்றேகால் அங்குல உருவின் கண்குழி ஒரு கடுகளவுகூட இராது. அங்கே விழும் நிழல் நம் கண்ணுக்கு எட்டாது. ஆகவே நிழலையும் வெளிச்சத்தையும் தூரிகையால் எழுதிக் காட்டியாக வேண்டும். உருவம் சிறிதாகச் சிறிதாக வேலை குறையும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் வேலை கூடுகிறது.

முதலில் வண்ணம் பிடித்துக்கொள்வதற்கான அடிப்பூச்சு. அதன்மேல் உடலின் அடிநிறம். காட்டேரிக்கு வழக்கமாகப் பூசும் வெளிறிய வெண்மை அம்மையாருக்குப் பொருந்தாது. கரும்பழுப்பில் சிறிது நீலம் கலந்தால் சுடுகாட்டு இரவில் நிற்கும் நம் மண்ணின் மேனிநிறம் கிடைக்கும். அது உலர்ந்தபின், நீர்த்த கருநிறத்தை உருவம் முழுதும் தடவ வேண்டும். அந்த நீர் மேடுகளிலிருந்து வழிந்து, விலா இடுக்கிலும் கழுத்துக் குழியிலும் தானே தங்கி உலரும். நிழல் அங்கே உருவாகிவிடும். அடுத்து, தூரிகையில் சாம்பல் நிறத்தைத் தோய்த்து, துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, மேலாகத் தடவினால் எலும்பின் முகடுகளில் மட்டும் நிறம் ஒட்டும். திருநீறும் சுடலைப் பொடியும் படிந்த உடல் அப்போது தோன்றும். தலைமயிருக்குச் செம்மண் நிறம், நுனியில் மட்டும் சற்று வெளிறல். விழிக்குத் தூய வெள்ளை வேண்டாம். எலும்பு நிறமே போதும். இல்லையேல் முகம் கேலிச்சித்திரம் ஆகிவிடும். இரு பற்களை மட்டும் இறுதியில் ஒரே இழுப்பில் தீட்ட வேண்டும். மூச்சை அடக்கிச் செய்யும் வேலை அது. ஓய்வுபெற்றபின் தூரிகை பிடிக்கப் பழகிக்கொண்ட எனக்கு, மொத்தப் பணியில் மிகக் குறைந்த வண்ணம் செலவாகி, மிக அதிக நேரம் பிடித்தது அந்த இரு பற்களுக்கும் விழிகளுக்கும்தான்.

கடைசியில் உருவம் அமரும் நிலம். அடித்தட்டு என்பது வெறும் பீடம் ஆகாது. உருவம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் காட்சி அது. காட்டேரிக்கு இடிந்த கோட்டையும் கல்லறையும் வைப்பார்கள். அம்மையாருக்கு ஆலங்காட்டுச் சுடலை. பதிகம் இங்கும் வழிகாட்டுகிறது. கள்ளியும் வாகையும் ஈகையும் சூரையும் மண்டிய முள்நிலம் அது. சலித்த மணலைப் பசையில் தூவி, உலர்ந்தபின் கரியும் சாம்பலும் தடவலாம். உலர்ந்த வேர்த்துண்டு பட்ட மரமாகும். எபாக்சி உருண்டை மண்டையோடாகும். பாதி எரிந்த தீக்குச்சிகளை அடுக்கினால் அதுவே ஈமவிறகு. அணையும் தீயைப் பக்கத்தில் காட்டினால், அத்தீயை நோக்கிய முகப்பகுதியிலும் தாளத்தின் விளிம்பிலும் சற்றே செம்மஞ்சள் ஒளியை ஏற்ற வேண்டும்; மறுபக்கம் நீலநிழல். அப்போது நிலமும் உருவமும் ஒரே இரவுக்குள் வந்துவிடும்.

தமிழ் வீடுகளுக்கு இது புதிய கலை அன்று. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குக் கீழே நாம் அமைக்கும் காட்சிகளை நினைத்துப் பாருங்கள். கேழ்வரகும் கடுகும் தெளித்து முளைக்கவைத்த புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், மணலில் பாதை, நடுவே செட்டியாரும் செட்டிச்சியும் கடைவிரித்த சந்தை. மேற்கே இளைஞர்கள் இதழ்களில் படித்துப் பழகும் கலையை நம் பாட்டிமார்கள் ஆண்டுதோறும் ஒன்பது நாள்களுக்குச் செய்து, பத்தாம் நாள் கலைத்து வந்தார்கள். மாற்றுருவாக்கமும் அப்படியே. கை உடைந்த பொம்மைக்கு மாவால் கை வைத்து, பழைய இராதையை ஆண்டாளாக்கிய வீடுகள் எத்தனையோ.

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். இரத்தம் குடிக்கும் உருவிலிருந்து ஓர் அடியாரின் உருவைச் செய்வது தகுமா? வழிபாட்டுக்குரிய திருமேனியை ஆகம முறைப்படி தகுதியுடைய சிற்பியே செய்ய வேண்டும், அதில் ஐயமில்லை. இங்கு நாம் பேசுவது படிப்புக்கும் காட்சிக்குமான சிற்றுருவம். தவிர, அஞ்சத்தக்க உருவை அருளுக்குரியதாக மாற்றிக் காட்டியவரே அம்மையார். கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டார் பேய்களைப் போர்க்களத்தில் கூழ் சமைக்கவைத்தார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அம்மையார் அதே பேயை இறைவனின் ஆட்டத்துக்குத் தாளமிட வைத்துவிட்டார். வீட்டில் ஒரு சிறுவன் காட்டேரியின் மேலங்கியைக் கழற்றிக் கையில் தாளத்தைத் தந்தால், அந்தக் கருத்து ஒரு சொற்பொழிவைவிட ஆழமாக அவனுள் பதியும்.

இனிக் கணக்குக்கு வருவோம். மேலே சொன்ன உருவில் செலவான பொருள் என்ன? சிறிது பிசின், விரல்நுனி அளவு எபாக்சி, சில சொட்டு வண்ணம், ஒரு பிடி மணல். இவற்றின் மொத்த விலை மிகச் சிறிது. மதிப்பு முழுவதும் கையும் கண்ணும் செலவிட்ட நேரத்தில் இருக்கிறது. இதே நிலைதான் நம் கொலு பொம்மைகளுக்கும். மதுரை விளாச்சேரியிலும், கடலூர் வண்டிப்பாளையத்திலும், பண்ருட்டியிலும், காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவிலும் செய்யப்படும் பொம்மைகளில் அச்சில் வார்ப்பது ஒரு பாதி வேலைதான். இரு பக்க அச்சில் மண்ணை அழுத்தி, இணைத்து, பொருத்துத் தடத்தை வழித்து, நிழலில் உலர்த்தி, சூளையில் சுட்டு, வெள்ளைப் பூச்சுக் கொடுத்து, வண்ணம் தீட்டி, கடைசியாகக் கண் திறக்கிறார்கள். கண் திறந்தபிறகே அது பொம்மை.

ஆனால் சந்தை எதைப் பார்த்து விலை வைக்கிறது? பெரும்பாலும் பொம்மையின் உயரத்தையும், தொகுப்பில் எத்தனை உருவங்கள் என்பதையும்தான். பத்து அங்குலப் பொம்மைக்கு ஒரு விலை, பன்னிரண்டு அங்குலத்துக்கு அதைவிடச் சற்று கூடுதல். முகத்தில் செலவிட்ட நேரம் விலைப்பட்டியலில் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம்: ஒரு கைவினைஞர் வழக்கமான பொம்மைகளை நாளொன்றுக்கு பத்து என்ற கணக்கில் தீட்டி முடிக்கிறார், அவருடைய ஒரு நாள் உழைப்பின் மதிப்பு 700 ரூபாய். ஒரு பொம்மைக்கு 70 ரூபாய் கூலி விழும். அதே அளவுள்ள ஒரு பேயுருவை, பச்சை மண்ணிலேயே விலா செதுக்கி, உறுப்பு திருத்தி, நிழல் எழுதி முடிக்க மூன்று நாள் ஆனால் கூலி மட்டும் 2,100 ரூபாய். அங்குலக் கணக்கில் விலைபேசும் வாடிக்கையாளரிடம் அதை அவர் விற்க முடியாது. எனவே அவர் செய்யமாட்டார். கனியேந்திய இளம்பெண்ணின் உருவம் அச்சில் எளிதாக வந்துவிடும். பேயுருவுக்கோ ஒவ்வொரு முறையும் கைவேலை வேண்டும். இத்தகைய விலை முறையில், அருமையான உருவங்கள் ஒவ்வொன்றாகச் செய்வோரின்றி மறையும்.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. 1966-இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்னும் இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரத்தை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினர். நால்வர் இசைக்க வேண்டிய ஓர் இசைக்கோவையை அன்றும் இன்றும் நால்வர்தான் இசைக்க வேண்டும். ஆலையில் உற்பத்தித்திறன் பெருகுவதுபோல் அங்கே பெருகாது. ஆனால் ஆலையில் கூலி உயரும்போது இசைக்கலைஞரின் கூலியும் உயர்ந்தாக வேண்டும். இல்லையேல் அவர் ஆலைக்குப் போய்விடுவார். இதனால் கைத்திறன் சார்ந்த பணிகளின் செலவு ஏனையவற்றைவிட வேகமாக ஏறிக்கொண்டே இருக்கும். இதைப் பாமோலின் செலவு நோய் என்பர். பொம்மையின் கண்ணை எழுத ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரமே இன்றும் ஆகிறது. அந்த நேரத்துக்கு விலை தராத சந்தையில் அடுத்த தலைமுறை தூரிகையைக் கீழே வைத்துவிடும்.

இந்த நோய்க்கு மருந்தே இல்லையா? பிரிட்டனின் நாட்டிங்ஹாம் நகரைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தைப் பாருங்கள். 1975-இல் நண்பர்கள் சிலர் தொடங்கிய கேம்ஸ் ஒர்க்‌ஷாப் அது. இரத்தக் காட்டேரிகள் உள்ளிட்ட சிற்றுருவங்களைச் செய்து விற்பதே அதன் முதன்மைத் தொழில். 2024 ஜூன் தொடக்கத்தில் முடிந்த நிதியாண்டில் அதன் வருவாய் 50 கோடி பவுண்டைக் கடந்தது. அதே ஆண்டு டிசம்பரில், லண்டன் பங்குச் சந்தையின் மிகப்பெரிய 100 நிறுவனங்களைக் கொண்ட குறியீட்டில் அது இடம்பிடித்தது. பொம்மை விற்று ஒரு நிறுவனம் வங்கிகளுக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் பக்கத்தில் போய் அமர்ந்திருக்கிறது.

அதன் வெற்றியின் சூட்சுமங்களுள் ஒன்று எளியது. அது வண்ணம் பூசிய பொம்மையை விற்பதில்லை. மிகுந்த நேரம் பிடிக்கும் வேலையை, அதாவது ஒட்டுவதையும் தீட்டுவதையும் நிலக்காட்சி அமைப்பதையும், வாங்குபவரிடமே விட்டுவிடுகிறது. அவருக்கு அது கூலிவேலையாகத் தோன்றுவதில்லை. அவர் விரும்பிச் செய்யும் ஓய்வுநேரக் கலை. அதற்குத் தேவையான வண்ணம், தூரிகை, பசை, கற்றுத்தரும் நூல் ஆகியவற்றையும் அதே நிறுவனம் விற்கிறது. செலவு நோய்க்கு உள்ளாக வேண்டிய உழைப்பு நுகர்வோரின் மகிழ்ச்சியாக மாறிவிடுகிறது. தாமே தீட்டியதால் அந்த உருவின் அருமையும் அவருக்குத் தெரிகிறது. ஒரு சிற்றுருவுக்கு 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கவும் அவர் தயங்குவதில்லை.

இதை அப்படியே நம் ஊரில் நகலெடுக்க முடியாது. அங்கே விலையுயர்ந்த எஃகு அச்சும் உலகளாவிய கடைகளும் இருக்கின்றன. நம்மிடம் மண்ணும் சூளையும் குடும்ப உழைப்பும் இருக்கின்றன. ஆயினும் பாடம் பயனுள்ளதே. புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலேயே வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடும் திருக்கனூர்க் காகிதக்கூழ் வேலைப்பாடும் புவிசார் குறியீடு பெற்றவை. காரைக்காலும் அதே ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. அது ஒரு பொருளின் பெயரைப் போலிகளிடமிருந்து காக்கும். ஆனால் வாங்குபவரைத் தேடித் தராது. பெயரைக் காத்தபின், அப்பெயரில் எதை, யாருக்கு, எப்படி விற்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவதாக, சுட்டு வெள்ளைப்பூச்சு மட்டும் கொடுத்த பொம்மைகளை, வண்ணக் குப்பிகளுடனும் ஒரு சிறு கையேட்டுடனும் பெட்டியாக விற்கலாம். கொலு வைக்கும் குடும்பங்களில் பிள்ளைகள் நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் தாங்களே தீட்டிக்கொள்வார்கள். ஒரு கண்ணை எழுதிப் பார்த்த குழந்தை, அடுத்த முறை கடையில் நல்ல கண்ணெழுத்துக்கு ஏன் கூடுதல் விலை என்று கேட்காது.

இரண்டாவதாக, காரைக்காலுக்கே உரிய உருவமான பேயம்மையாரைச் சுடுமண்ணிலும் காகிதக்கூழிலும் செய்யப் பயிற்சி அளிக்கலாம். அதற்கான தொழில்நுட்பம் நம் கைவினைஞர்களிடம் உள்ளதே. அச்சிலிருந்து எடுத்த உருவம் ஈரம் காயாதிருக்கும்போதே மூங்கில் குச்சியால் விலா எலும்பைச் செதுக்கலாம், நரம்பை ஒட்டலாம். ஒட்டும் மண்ணும் உருவத்து மண்ணும் ஒரே ஈரத்தில் இல்லையென்றால் உலரும்போது வெடிப்பு விழும். தடித்த பகுதியை உள்ளே குடையாமல் விட்டால் சூளையில் நீராவி அதை உடைத்துவிடும். சுடுமண்ணில் மெலிந்த கைகால்கள் எளிதில் முறியும் என்பதால், தாளமேந்திய கைகளை மடித்த முழங்காலோடு சேர்த்தே அமைக்க வேண்டும். காகிதக்கூழில் உள்ளே கம்பி கொடுத்தால் கைகளை விடுவித்தே நிறுத்தலாம். இந்த நுணுக்கங்கள் எழுதப்பட்ட பாடமாக வேண்டும்.

மூன்றாவதாக, கைமாற்றம் பெற்ற உருவுக்கும் அச்சு உருவுக்கும் தனித்தனி விலை வேண்டும். சுவாமிமலையில் மெழுகில் உரு அமைத்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் வார்க்கிறார்கள். உருவை எடுக்க மண் அச்சை உடைத்தாக வேண்டும். எனவே ஒவ்வொரு திருமேனியும் ஒன்றே ஒன்று. அதற்குரிய விலையும் கிடைக்கிறது. சுடுமண் பொம்மையிலும் கையால் திருத்தியவற்றுக்குச் செய்தவரின் பெயரையும், செலவான நாள்களையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டலாம். அரசின் கைவினைக் கடைகளும் கண்காட்சிகளும் இதைத் தொடங்கிவைத்தால் தனியார் பின்பற்றுவார்கள். அங்குலத்துக்குப் பதில் நாள்கணக்கில் விலைபேசும் பழக்கம் அப்படித்தான் வரும்.

நான்காவதாக, மாங்கனித் திருவிழா. அவ்விழா கனியோடு முடிவதில்லை; பேயுருவம் கொண்டு அம்மையார் இறைவனை அடையும் நிகழ்ச்சியும் அதில் உண்டு. வெளியூரிலிருந்து வரும் பல்லாயிரம் பேர் கையில் ஒரு மாம்பழத்தோடு திரும்புகிறார்கள். அது ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். ஆலங்காட்டுச் சுடலைநிலத்தின் மேல் தாளமேந்தி அமர்ந்த ஒரு சாண் உயரச் சுடுமண் உருவம் அவர்களுடன் போனால், அது வீட்டு அலமாரியில் ஆண்டுகள் பல இருக்கும். இது யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதிகம் பாடிய முன்னோடி ஒருவர், அந்தாதியும் இரட்டை மணிமாலையும் தந்த ஒரு பெண் புலவர், நம் கடற்கரை ஊரில் வாழ்ந்தார் என்று பெற்றோர் சொல்ல வேண்டியிருக்கும்.

காட்டேரியின் பற்களைத் தீட்டிப் பழகும் இளைஞர்களைக் கண்டு பண்பாடு போயிற்றே என்று வருந்துவோர் நம்மிடையே உண்டு. வருந்த வேண்டியதில்லை. அவர்கள் பழகும் நிழலும் ஒளியும் நிலக்காட்சியும் நம் கைவினைஞர்களுக்கும் தேவையானவை. அவர்கள் செலவிடும் நேரத்தின் அருமை, பொம்மை வாங்கும் ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டியது. வரும் நவராத்திரிக்குப் பொம்மை வாங்கச் செல்வோர், உயரத்தை அளப்பதற்கு முன் அதன் முகத்தைச் சற்று நேரம் பார்க்கட்டும். நன்றாக எழுதிய விழிக்குக் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கட்டும். இரு பற்களை மூச்சடக்கித் தீட்டும் ஒரு கை இந்தத் தொழிலில் நிலைத்திருக்க வேண்டுமானால், நாம் தர வேண்டிய குறைந்தபட்ச விலை அது.